கேள்வியும் கேட்டலும்: ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இசைப் பழக்கம் பற்றிய வினாக்கள்

தமிழில் ‘கேள்’ என்னும் ஒரே வினையடி மூன்று செயல்களைச் சுமக்கிறது. ஒலி தானாக வந்து செவியில் விழுவதும் கேட்டல். மனம் வைத்துச் செவிமடுப்பதும் கேட்டல். அறியாததை இன்னொருவரிடம் வினவுவதும் கேட்டல். இதனால்தான் ‘கேள்வி’ என்னும் பெயர்ச்சொல்லும் வினாவையும் செவி வழியாகப் பெறும் அறிவையும் ஒருங்கே குறிக்கிறது. திருக்குறளில் அப்பெயரைத் தாங்கிய அதிகாரம் பேசுவது பின்னதைப் பற்றியே. ஆங்கிலமோ இம்மூன்றையும் ‘ஹியர்’, ‘லிசன்’, ‘ஆஸ்க்’ என்று மூன்று தனிச் சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. இசை கேட்கும் பழக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்கப்படும் கேள்விக்குத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் விடை சொல்லத் தொடங்கும்போது, முதல் சொல்லிலேயே இந்தப் பங்கீடு குறுக்கே வந்து நிற்கிறது.

அவ்விடத்தில் தொடங்கி, அத்தகைய வினாக்கள் எதை அளக்கின்றன, அவற்றுக்கு விடை கூறுவோர் எங்கே தடுக்கி விழுகின்றனர், அத்தடுக்கலுக்கு வேர் எங்கே இருக்கிறது என்பவற்றை ஆராய்வது இச்சொற்பொழிவின் நோக்கம். ஆய்வின் முடிவை முன்னதாகவே சொல்லிவிடலாம்: தடுமாற்றம் இசையறிவின் குறைவால் வருவதன்று, ஒரு பழக்கத்தைத் தமிழ் சொல்லும் முறைக்கும் ஆங்கிலம் சொல்லும் முறைக்கும் உள்ள இடைவெளியை அறியாததால் வருவது.

தேர்வின் அமைப்பு

வெளிநாட்டுக் கல்விக்கும் வேலைக்கும் குடிபெயர்வுக்கும் மொழித்தகுதிச் சான்றாகக் கொள்ளப்படும் தேர்வுகளுள் தமிழ்நாட்டு இளைஞர்கள் நன்கறிந்தது, பேச்சு வழக்கில் ‘ஐயெல்ட்ஸ்’ எனப்படும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வாகும். 1980-இல் தொடங்கிய முந்தைய ஒரு தேர்வை மாற்றியமைத்து 1989-இல் இப்பெயருடன் நடைமுறைக்கு வந்த இத்தேர்வைப் பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று அமைப்புகள் கூட்டாக நடத்துகின்றன. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு திறன்களும் தனித்தனியே அளக்கப்பட்டு, ‘பேண்ட்’ எனப்படும் ஒன்பது படி கொண்ட அளவுகோலில் மதிப்பெண் தரப்படுகிறது. உயர்கல்விக்கெனவும் பொதுப் பயிற்சிக்கெனவும் தேர்வு இரு வகையாகப் பிரிந்திருந்தாலும், பேச்சுத் தேர்வு இரு வகையினருக்கும் ஒன்றே.

பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரும் தேர்வர் ஒருவரும் உரையாட, அவ்வுரையாடல் ஒலிப்பதிவு செய்யப்பட, 11 முதல் 14 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் பேச்சுத் தேர்வு மூன்று பகுதிகளைக் கொண்டது. நான்கைந்து நிமிடம் நீடிக்கும் முதற்பகுதியில் ஊர், வீடு, படிப்பு, வேலை ஆகியவற்றையும், அவற்றோடு அன்றாட வாழ்வைச் சேர்ந்த ஓரிரு பொருள்களையும் பற்றிக் குறுவினாக்கள் கேட்கப்படும். இரண்டாம் பகுதியில் அட்டை ஒன்றில் தரப்படும் தலைப்பைப் பற்றித் தேர்வர் ஒரு நிமிடம் சிந்தித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, பின்னர் ஓரிரு நிமிடம் தொடர்ந்து பேச வேண்டும். மூன்றாம் பகுதி அத்தலைப்பையொட்டிய பொதுக் கருத்துகளை இருவரும் விவாதிப்பது. இசை என்னும் பொருள் மூன்று பகுதிகளிலும் வரக்கூடியதே எனினும், அது இயல்பாக அமர்வது முதற்பகுதியில்தான். என்ன வகை இசை பிடிக்கும், எப்போது கேட்பது வழக்கம், சிறுவயதில் இசைக்கருவி எதையேனும் கற்றதுண்டா, அன்று பிடித்தது இன்றும் பிடிக்கிறதா, கச்சேரிக்குப் போனதுண்டா, குழந்தைகள் இசை கற்பது தேவையா என்பன போல வினாக்கள் அமையும்.

நான்கு அளவைகளால் பேச்சு மதிப்பிடப்படுகிறது. தங்குதடையின்றியும் கோவையாகவும் பேசுவது ஒன்று; சொல்வளம் மற்றொன்று; இலக்கணத்தின் பரப்பும் பிழையின்மையும் மூன்றாவது; ஒலிப்பு நான்காவது. நான்குக்கும் எடை சமம். மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி மதிப்பெண் இன்றி, முழுப் பேச்சையும் ஒன்றாக வைத்தே மதிப்பெண் இடப்படுகிறது. இந்த நான்கில் ஒன்றுகூடத் தேர்வரின் இசைச் சுவையையோ இசையறிவையோ தொடவில்லை என்பது கருதத்தக்கது. முன்னூறு கீர்த்தனைகள் பாடமான ஒருவரும், பேருந்தில் ஓடும் திரைப்பாடலைத் தவிர வேறெதையும் கேட்டறியாத ஒருவரும் இந்த அளவுகோலின் முன் சமமானவர்கள்.

வினாவின் இயல்பு

தமிழ் இலக்கண மரபு வினாவையும் விடையையும் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், ‘செப்பு’ எனப்படும் விடையும் வினாவும் வழுவின்றி அமைய வேண்டும் என்று விதிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கிறது. ஆசிரியர் தாம் அறிந்ததையே மாணவரிடம் கேட்பது அறிவினா. மாணவர் தாம் அறியாததை ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா. ஐயம், கொளல், கொடை, ஏவல் என்பன ஏனைய நான்கு.

பேச்சுத் தேர்வில் கேட்கப்படும் இசை வினா இவற்றுள் எதில் அடங்கும் என்று பார்ப்பது பயனுள்ளது. தேர்வருக்கு எந்தப் பாடல் பிடிக்கும் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியாது. அந்த அளவில் அது அறியாவினா போலத் தோன்றுகிறது. ஆயினும் அதை அறிந்துகொள்ளும் விருப்பத்தால் அவர் கேட்பதில்லை. விடை எத்தகைய மொழியில், எந்த வடிவில் வருகிறது என்று சீர்தூக்கவே கேட்கிறார். அந்த அளவில் அது ஆசிரியரின் அறிவினாவை ஒத்திருக்கிறது. அறியாவினாவின் உடலில் அறிவினாவின் உயிர் புகுந்த இந்தக் கலப்பு வினாவே தேர்வர் பலரைக் குழப்புகிறது. பள்ளி வாய்மொழித் தேர்வில் அறிவினாவுக்கே பழகியவர், இதற்கும் ‘சரியான விடை’ ஒன்று எங்கோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அதைத் தேடத் தொடங்கிவிடுகிறார். இசையைப் பற்றிய விடையில் சரியும் தவறும் இல்லை. அந்த விடையைத் தாங்கும் தொடரில் மட்டுமே அவை உண்டு.

இத்தகைய நேர்காணல் இயல்பான உரையாடல்தானா என்னும் ஐயம் மொழித்தேர்வு ஆய்வாளரிடையே முன்னரே எழுந்தது. கேட்பவர் ஒருவராகவும் சொல்பவர் ஒருவராகவும் நிலைத்துவிட்ட பேச்சில் உரையாடலின் சமநிலை இல்லை என்பதை லியோ வான் லியர் 1989-இல் சுட்டிக்காட்டினார். வினவுவோரின் நடைவேறுபாடு மதிப்பெண்ணையே மாற்றக்கூடும் என்பதை, ஒரே தேர்வர் வேறு வேறு மதிப்பீட்டாளரிடம் பேசியபோது வேறு வேறாக மதிக்கப்பட்டதைக் கொண்டு ஆன் பிரவுன் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மதிப்பீட்டாளருக்கு மதிப்பீட்டாளர் வேறுபாடு நேராதிருக்கவே, 2001-இல் திருத்தியமைக்கப்பட்ட ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வில் மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டிய தொடர்கள் முன்கூட்டியே எழுதித் தரப்பட்டன. முதற்பகுதியில் அக்கட்டுப்பாடு மிக இறுக்கமானது. வினா புரியாதபோது திரும்பக் கேட்கலாம். அவரும் திரும்பச் சொல்வார். ஆனால் நண்பரைப் போல வேறு சொற்களில் விரித்துச் சொல்லவோ, தேர்வருக்குப் பிடித்த பாடகரைப் பற்றி வியந்து பாராட்டவோ அவருக்கு இடமில்லை. அவர் முகத்தில் மலர்ச்சி தோன்றாததும், விடையின் நடுவிலேயே அடுத்த வினாவுக்குத் தாவுவதும் இந்த முறைமையும் நேரக் கட்டுப்பாடும் தரும் விளைவேயன்றிப் பேச்சில் குறை கண்டதன் அடையாளமாகா. இதை அறியாத தேர்வர், தலையசைப்புக்கும் ‘ம்’ கொட்டுதலுக்கும் பழகிய தமிழ் உரையாடலின் துணையை எதிர்பார்த்து, அது கிடைக்காதபோது சுருங்கிப் போகிறார்.

விடையின் அளவு

உரையாடலில் பங்கேற்போர் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கின்றனர் என்னும் அடிப்படையில் மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் வகுத்த நெறிகளுள் ஒன்று அளவைப் பற்றியது: தேவைக்குக் குறையாமலும் தேவையை மிஞ்சாமலும் செய்தி தருக என்பது அதன் சாரம். 1975-இல் அச்சேறிய அக்கட்டுரையின் நெறி, பேச்சுத் தேர்வின் முதற்பகுதிக்கு அப்படியே பொருந்துகிறது. ‘இசை கேட்பீர்களா?’ என்பதற்கு ‘எஸ்’ என்று மட்டும் சொல்வது குறை. கர்நாடக இசையின் வரலாற்றை விரித்துரைப்பது மிகை. இரண்டு முதல் நான்கு தொடர்கள் கொண்ட விடை இவ்விரண்டுக்கும் நடுவே அமையும்.

தமிழ் பேசுவோர் குறைபட விடையிறுப்பதற்கு மொழிக் காரணம் ஒன்று உண்டு. ‘கேட்பீர்களா?’ என்ற வினாவுக்குக் ‘கேட்பேன்’ என்று ஒரு சொல்லில் சொன்னால் தமிழில் அது முழுமையான, மரியாதைக்குக் குறைவற்ற விடையாகும். செயலைப் பகுதியும், காலத்தை இடைநிலையும், சொல்பவரை விகுதியும் அச்சொல்லுக்குள்ளேயே காட்டிவிடுகின்றன. ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லை. எழுவாயையும் வினையையும், பல வினைகளுக்குச் செயப்படுபொருளையும் தனித்தனிச் சொல்லாக நிரப்பினால்தான் அங்கே தொடர் நிற்கும். ஆகவே தமிழின் சுருக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு செல்பவர், தாம் முழுமையாகச் சொல்லிவிட்டதாக நினைக்க, மதிப்பீட்டாளரின் செவிக்கு அது பாதியில் நின்றதாகப் படுகிறது.

விடையை நீட்டும் வழியை நன்னூலின் எண்வகை விடையே கற்றுத் தருகிறது எனலாம். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையாக விடை கூறுவன. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் விடையைக் குறிப்பாக உணர்த்துவன. ‘வீணை வாசிப்பீர்களா?’ என்பதற்கு ‘விரல் வெடித்துவிட்டது’ என்பது உற்றது உரைத்தல். ‘விரல் வெடித்துவிடும்’ என்பது உறுவது கூறல். ‘பாடுவேன்’ என்பது இனமொழி. தமிழ் உரையாடலில் இக்குறிப்பு விடைகள் தாமாகவே போதுமானவை. கேட்பவர் மறைந்திருக்கும் ‘இல்லை’யைத் தாமே எடுத்துக்கொள்வார். ஆங்கிலப் பேச்சிலும் குறிப்பு விடை இல்லாமல் இல்லை. ஆனால் தேர்வில், வெளிப்படை விடை முதலில் வந்து, குறிப்பு விடை அதற்குத் துணையாகப் பின்னால் வரும்போதே கோவை கெடாத பேச்சு பிறக்கிறது. ‘இல்லை’ என்னும் மறை விடை, அதற்குக் காரணமாக உற்றது உரைத்தல், அதற்கு ஈடாக இனமொழி என்று மூன்றை வரிசைப்படுத்தினால், வீணையைத் தொட்டே அறியாதவரும் மூன்று தொடர் கொண்ட, உண்மையான விடையைத் தந்துவிடுகிறார். இசையே பிடிக்காது என்று சொல்வோருக்கும் இதே வழி திறந்திருக்கிறது. மறுப்பு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. மறுப்போடு நின்றுவிடுவதே குறைக்கிறது.

பழக்கத்தின் இலக்கணம்

இப்பொருளின் உயிர்நிலை காலத்தைப் பற்றியது. மூன்று காலத்துக்கும் பொதுவாக நிலைத்திருக்கும் இயல்பைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டுச் சொல்லால் கூறுவதைத் தொல்காப்பிய வினையியல் விதியாகவே வைத்திருக்கிறது. ‘மலை நிற்கும்’, ‘ஞாயிறு இயங்கும்’ என்பவை உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டுகள். பள்ளி இலக்கணம் எதிர்காலம் என்று பெயரிடும் இடைநிலைகளும் இன்றைய தமிழில் பழக்கத்தைச் சொல்லும் பணியைச் செய்கின்றன. ‘தினமும் காலையில் பாட்டுக் கேட்பேன்’ என்பதில் உள்ள பகர இடைநிலை நாளைய செயலைக் குறிப்பதன்று. நேற்றும் இன்றும் நாளையும் தொடரும் வழக்கத்தைக் குறிக்கிறது. தமிழர் பலர் ஆங்கிலத்தில் ‘டெய்லி ஐ வில் ஹியர் சாங்ஸ்’ என்று சொல்வது இந்த இலக்கணத்தின் நேர்ப்பெயர்ப்பு. ஆங்கிலத்தில் ‘வில்’ முதன்மையாக வருங்காலத்துக்கும் உறுதிமொழிக்கும் உரியதாகையால், அத்தொடரைக் கேட்பவருக்கு இனிமேல்தான் பாட்டுக் கேட்கத் தொடங்கப்போவதாக ஓர் எண்ணம் எழுகிறது. பழக்கத்துக்கு ஆங்கிலம் கையாளுவது எளிய நிகழ்காலம், அதாவது துணைவினை சேராத ‘ஐ லிசன்’ என்னும் வடிவம்.

மற்றொரு வழுவும் இதன் அருகிலேயே நிற்கிறது. தமிழின் ‘கேட்கிறேன்’ என்னும் நிகழ்காலம், இந்த நொடியில் நடக்கும் செயலுக்கும் அன்றாட வழக்கத்துக்கும் ஒருங்கே பொருந்தும். ஆங்கிலத்தில் இந்த நொடியின் செயலுக்கு ‘ஐ ஆம் லிசனிங்’ என்னும் தொடர் நிகழ்காலம் தனியே உண்டு. அவ்வேறுபாட்டை மறந்து வழக்கத்தையும் அவ்வடிவில் சொல்லும்போது, தேர்வறையில் அமர்ந்துகொண்டே பாட்டுக் கேட்பதாகப் பொருள் விபரீதமாகிறது. ‘பிடிக்கும்’ என்பதையும் ‘ஐ ஆம் லைக்கிங்’ என்று பெயர்ப்பது இவ்வகையைச் சேர்ந்தது. விருப்பம், அறிவு, நம்பிக்கை போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகள் ஆங்கிலத்தில் பொதுவாகத் தொடர் வடிவம் ஏற்பதில்லை. தமிழில் ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கும் மனிதர், ஆங்கிலத்தில் எழுவாயாக முன்வந்து நின்று விரும்ப வேண்டியவராகிறார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கடந்தகாலப் பழக்கத்தில் இவ்விரு மொழிகளும் எதிர்பாராத வகையில் கைகோக்கின்றன. ‘சின்ன வயதில் பாட்டியோடு உட்கார்ந்து வானொலி கேட்பேன்’ என்று தமிழ் கடந்த வழக்கத்தையும் அதே பகர இடைநிலையால் சொல்கிறது; ‘சின்ன வயதில்’ என்னும் சொல்லே காலத்தைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘யூஸ்ட் டு’ என்னும் தொடரும், ‘வுட்’ என்னும் துணைவினையும் உள்ளன. பின்னது ‘வில்’ என்பதன் இறந்தகால வடிவமே. எதிர்காலத்துக்கு உரிய சொல்லைக் கொண்டே பழக்கத்தைச் சொல்லும் தமிழின் போக்கு ஆங்கிலத்துக்கும் அயலானதன்று என்பதை இது காட்டுகிறது. சிறுவயதைப் பற்றிச் சொல்லும்போது ‘வில்’ என்று தவறும் தமிழ்த் தேர்வர், சரியான வடிவத்துக்கு மிக அருகில் நிற்கிறார். ஒரு வரம்பு மட்டும் உண்டு. ‘வுட்’ திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கே பொருந்தும். நீடித்த மனநிலைக்குப் பொருந்தாது. ‘அந்தப் பாட்டு அப்போது எனக்குப் பிடிக்கும்’ என்பதை ‘வுட் லைக்’ என்று சொன்னால் அது பழைய விருப்பத்தைக் குறிக்காமல், இப்போது எழுந்த வேண்டுகோளாக மாறிவிடும். அவ்விடத்துக்கு உரியது ‘யூஸ்ட் டு லைக்’.

நிறைவுக் காலம் எனப்படும் வடிவமும் இசை வினாக்களில் தவறாமல் எதிர்ப்படுகிறது. கடந்தகாலத்தில் நிகழ்ந்தது நிகழ்காலத்தோடு தொடர்பு கொண்டிருப்பதைக் காட்டும் அவ்வடிவத்துக்குத் தமிழில் ‘போயிருக்கிறேன்’ என்னும் கூட்டுவினை ஓரளவு ஒத்துவருகிறது. ஆனால் ‘போன வருடம் மார்கழிக் கச்சேரிக்குப் போயிருக்கிறேன்’ என்று காலத்தைக் குறிப்பிட்ட பிறகும் தமிழ் அவ்வடிவை ஏற்க, ஆங்கிலம் காலம் குறிப்பிடப்பட்டவுடன் எளிய இறந்தகாலத்துக்கு மாறிவிடுகிறது. ‘எட்டு ஆண்டுகளாக வீணை கற்கிறேன்’ என்பதில் தமிழ் நிகழ்காலத்தோடு நிறைவு கொள்ள, ஆங்கிலம் எட்டு ஆண்டு நீளத்தை வினைக்குள்ளேயே காட்ட வேண்டி நிறைவுத் தொடர் வடிவத்தைக் கேட்கிறது; ஆண்டின் எண்ணிக்கைக்கு முன் ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு முன் ‘சின்ஸ்’ என்னும் பிரிவும் அங்கே உண்டு. எத்தனை முறை என்பதற்கு எளிய நிகழ்காலம், அன்று எப்படி என்பதற்குப் பழக்க இறந்தகாலம், எப்போதேனும் உண்டா என்பதற்கு நிறைவுக் காலம், கற்க வேண்டுமா என்பதற்குக் கருத்துரைக்கும் துணைவினை என்று ஒவ்வோர் இசை வினாவும் ஒரு காலவடிவத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வருகிறது. வினாவில் உள்ள வடிவத்தை உற்றுக் கேட்பவருக்கு விடையின் வடிவம் பாதி கிடைத்துவிடுகிறது.

சொல்லும் ஒலியும்

‘ஹியர்’ என்பது ஒலி தானாக வந்து விழுவது. ‘லிசன்’ என்பது விரும்பிச் செவிசாய்ப்பது. பின்னதற்குச் செயப்படுபொருளின் முன் ‘டு’ என்னும் இடைச்சொல் தேவை. பக்கத்து வீட்டு ஒலிபெருக்கிக்கு முன்னது உரியது, காதொலிப்பானுக்குப் பின்னது. ‘வாசி’ என்னும் தமிழ் வினையும் இத்தகையதே: நூலை வாசிப்பதும் வயலின் வாசிப்பதும் தமிழில் ஒரு சொல்லாக இருக்க, ஆங்கிலத்தில் கருவிக்கு ‘பிளே’ என்பதே வழங்குகிறது. ஊதுவது, மீட்டுவது, தட்டுவது எனத் தமிழ் கருவிதோறும் பிரித்துச் சொல்வதையும் அந்த ஒரே சொல் அடக்கிக்கொள்கிறது. கைப்பேசியில் ‘பாட்டுப் போடுவதும்’ அதனுள்ளேயே அடங்கும். இவ்வாறு ஓரிடத்தில் தமிழ் பொதுவாகவும் ஆங்கிலம் நுட்பமாகவும், மற்றோரிடத்தில் ஆங்கிலம் பொதுவாகவும் தமிழ் நுட்பமாகவும் அமைந்திருப்பதால், அகராதிச் சொல்லை மட்டும் மனனம் செய்வது உதவாது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்னும் சேர்க்கை முறையைக் கற்க வேண்டும். ஐயெல்ட்ஸ் அளவுகோலில் ஏழாம் படிக்குரிய சொல்வள விளக்கம் இச்சேர்க்கையுணர்வைக் குறிப்பாகவே எதிர்பார்க்கிறது.

ஒலிப்பில், ‘மியூசிக்’ என்னும் சொல்லின் நடுவே வரும் மெய், தமிழ் எழுத்தால் காட்ட இயலாத, குரல்நாண் அதிரும் ஒலி. அதைவிட முதன்மையானது அசையழுத்தம். ‘மியூசிக்’, ‘மியூசிக்கல்’ என்னும் இரு சொற்களிலும் முதல் அசை அழுத்தம் பெற, ‘மியூசிஷியன்’ என்னும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. அசைகளைப் பெரிதும் சமமாக ஒலித்துப் பழகிய தமிழ் நாவுக்கு இந்த நகர்வு கவனித்துப் பழக வேண்டிய ஒன்று. தேர்வு எதிர்பார்ப்பது இங்கிலாந்துக்காரரின் குரலை அன்று. கேட்பவர் சிரமமின்றிப் புரிந்துகொள்ளும் தெளிவை மட்டுமே.

சொந்த இசையை அயற்செவிக்குச் சொல்லுதல்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, சுவைத் தேர்வுகள் சமூகப் படிநிலையை வெளிப்படுத்துகின்றன என்பதை 1979-இல் வெளியான பெருநூலில் ஆராய்ந்தபோது, இசைச் சுவைக்கு அவற்றுள் தனியிடம் தந்தார். தமிழ்நாட்டிலும் சபா இசை, திரையிசை, கோயில் நாகசுரம், பறை என்பவற்றுக்கிடையே சமூகம் போட்டுவைத்த ஏற்றத்தாழ்வு உண்டு. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியதன் பின்னணியில், எந்த மொழிப் பாடல் மேடைக்கு உரியது என்னும் வழக்கே இருந்தது. அந்த ஏற்றத்தாழ்வின் நிழல் தேர்வறைக்குள்ளும் விழுகிறது. கானாப் பாடலை நாள்தோறும் கேட்பவர், அதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று அஞ்சி, தாம் கேட்டறியாத மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறார். ‘ஏன்?’ என்னும் அடுத்த வினா வந்ததும், சொல்வதற்குச் செய்தி இல்லாமல் மொழியும் வற்றிவிடுகிறது.

தம்முடைய இசையைச் சொல்பவருக்கு வரும் சிக்கல் வேறு. அது பயனுள்ள சிக்கல். நாகசுரம் என்றால் மதிப்பீட்டாளருக்கு விளங்காமல் போகலாம். அதை ஒரு தொடரில் விளக்க வேண்டும். ‘கல்யாணத்தில் வாசிக்கும் நீண்ட குழல்’ என்று தமிழ் அடைமொழி முழுவதையும் பெயருக்கு முன்னே அடுக்கும். பெயரெச்சம் எப்போதும் பெயருக்கு முன் நிற்பது தமிழின் இயல்பு. ஆங்கிலம் பெயரை முதலில் வைத்து, ‘தட்’, ‘விச்’ போன்ற இணைப்புச் சொல்லால் விளக்கத்தைப் பின்னே தொடுக்கும். தமிழின் வரிசையைத் தலைகீழாக்கும் இத்தொடரமைப்பே இலக்கணப் பரப்பு என்னும் அளவையில் எளிய தொடரிலிருந்து கலவைத் தொடருக்கு ஏறும் படி. 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா நாட்டுப்புற மெட்டுக்கு மேற்கத்திய இசைக்கோவையை இணைத்ததையோ, 1992-இல் ‘ரோஜா’ ஏ.ஆர். ரகுமானை அறிமுகப்படுத்தியதையோ ஒரு தொடரில் விளக்கத் தெரிந்தவர், இசையைப் பற்றி ஒன்றும் மிகையாகச் சொல்லாமலே அந்தப் படியில் ஏறிவிடுகிறார். தமக்கு நெருங்கிய பொருள் தானாகவே சிக்கலான தொடரைக் கேட்டு வாங்குகிறது. கடன் வாங்கிய சுவையால் அது இயலாது.

மனனமும் தயக்கமும்

பேச்சு உருவாகும் முறையை வில்லெம் லெவெல்ட் 1989-இல் மூன்று கட்டங்களாக விளக்கினார்: சொல்ல வேண்டியதைக் கருதுதல், அதற்குச் சொல்லும் தொடரும் அமைத்தல், ஒலித்தல். தாய்மொழியில் பின்னிரண்டும் பெரும்பாலும் தாமாக நடைபெறுகின்றன. கற்ற மொழியிலோ இரண்டாம் கட்டமே கவனம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. இசை போன்ற அன்றாடப் பொருளை முதற்பகுதியில் வைப்பது முதற்கட்டச் சுமையைக் குறைத்து, இரண்டாம் கட்டத்துக்கு இடம்விடும் ஏற்பாடு எனக் கொள்ளலாம். பொய்யான பழக்கத்தைப் புனைந்து சொல்பவர், இறக்கிவைக்கப்பட்ட அந்தச் சுமையைத் தாமே மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

எழுதி மனனம் செய்த விடை இச்சுமையை முற்றும் நீக்கிவிடும் என்பது பயிற்சி உலகில் பரவியுள்ள நம்பிக்கை. மனனம் செய்த பகுதி ஆற்றொழுக்காக வந்து, அதை அடுத்த சொந்தத் தொடர் தட்டுத்தடுமாறும்போது இரண்டுக்கும் இடையே உள்ள தையல் வெளியே தெரிந்துவிடுகிறது. மனனம் செய்ததாகத் தோன்றும் கூற்றுகள் ஐயெல்ட்ஸ் அளவுகோலின் இலக்கண விளக்கத்தில் மூன்றாம் படியிலேயே குறிப்பிடப்படுகின்றன. ‘எப்போது கேட்பீர்கள்’ என்பதற்கு மனனம் செய்தவரிடம் ‘எப்போது கேட்கமாட்டீர்கள்’ என்று கேட்டாலே கட்டிய மாளிகை சரிந்துவிடும்.

தயக்கத்தைப் பற்றிய அச்சமும் அளவுக்கு மீறியது. பேச்சின் நடுவே வரும் ‘அ’, ‘ம்’ போன்ற ஒலிகள், சிறிது தாமதமாகும் என்பதைக் கேட்பவருக்கு அறிவிக்கும் சொற்களாகவே பணிபுரிகின்றன என்று ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002-இல் வாதிட்டனர். அளவுகோலும் தயக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. ஒன்பதாம் படியில்கூடத் தயக்கத்துக்கு இடமுண்டு, ஆனால் அது என்ன சொல்வது என்று எண்ணுவதால் வருவதாக இருக்க வேண்டும், சொல்லையோ இலக்கணத்தையோ தேடுவதால் வருவதாக இருக்கலாகாது. எந்தப் பாடலைச் சொல்வது என்று ஒரு நொடி நின்று நினைப்பவர், தாய்மொழியாளரும் நிற்கும் இடத்திலேயே நிற்கிறார்.

இவற்றால் பெறப்படும் பயிற்சி முறை எளிமையானது. மாதிரி விடைகளைத் தேடுவதற்கு முன், தேர்வர் ஒரு வாரம் தம் இசைப் பழக்கத்தையே கவனித்துக் குறித்துவைக்கலாம்: எந்நேரம், எவ்விடம், எந்தக் கருவியில், யாரோடு, எந்தப் பாடலைக் கடந்துவிட்டு எந்தப் பாடலில் நின்றது என்பன அதில் இடம்பெறும். பின்னர் அதே குறிப்பை இன்றைய வழக்கமாக ஒருமுறையும், சிறுவயது வழக்கமாக ஒருமுறையும், இதுவரையிலான அனுபவமாக ஒருமுறையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பதிவுசெய்து, அப்பதிவைத் தாமே கேட்டால், ‘கேட்பேன்’ என்னும் ஒரு சொல் எத்தனை ஆங்கில வடிவங்களாகப் பிரிகிறது என்பது செவிக்கே புலப்படும். மதிப்பீட்டாளரின் கேள்வியில் உள்ள காலவடிவத்தைப் பிடிக்கும் செவியும் அப்போதுதான் பழகுகிறது. ஒலியைக் கேட்பதற்கும் வினாவைக் கேட்பதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது, அவ்வாறு பழகிய செவியை உடையவருக்குக் குழப்பம் தருவதில்லை. தேர்வறையில் அவர் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளுக்கும் அதுவே பெயராகிவிடுகிறது.